ஹௌதேரேவுக்கு அரைநாள் விடுப்பு

மாவோரிகளான நாங்கள் ஊர் கூடுகிற மராயில் நிற்கும் பெரிய வீட்டின் முகட்டில், இரண்டு சாய்வுப் பலகைகளும் கூடுகிற இடத்தில், ஹௌதேரே நிற்க வேண்டும். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் அவர். நாக்கை நீட்டிக்கொண்டு, முட்டியை மடித்துக்கொண்டு, வாசலுக்கு வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று மேலேயிருந்து நோட்டம் பார்ப்பதற்காக மரத்தில் செதுக்கப்பட்டவர். முதல் உலகப் போருக்கு முன்னால் ஊரை அளக்க வந்த ஒரு பாக்கேஹா, அதாவது வெள்ளைக்காரத் துரை, ஐயோ பாவம், கிழவர் மழையில் நனைகிறாரே என்று மனம் வெதும்பி, காய்ந்ததும் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி எடுத்துப்போனார். நகரத்து அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஹௌதேரே இன்னமும் காய்ந்துகொண்டிருந்தார்.

அவர் இல்லாமலே காலம் ஓடியது. போன வருடம் கூரை ஒழுகி, வீட்டைப் பிரித்துக் கட்டும்படி ஆயிற்று. கட்டி முடித்ததும் பெரியவர்கள் கூடி, இந்தத் தடவை முகட்டில் ஆள் இல்லாமல் வீட்டைத் திறப்பதில்லை என்று முடிவு பண்ணிவிட்டார்கள். திறக்காத வீட்டில் செத்தவரைக் கிடத்த முடியாது. அதனால் அந்தக் குளிர்காலத்தில் போனவர்களை ரக்பி கிளப்பில் கிடத்தி அழுதோம். அழுகை என்னவோ வந்தது. ஆனால் தலைமாட்டில் கோப்பைகளும் சுவரில் பீர் விளம்பரமுமாக, செத்தவர் ஏதோ பந்தயத்தில் தோற்றவர் மாதிரித் தெரிந்தார்.

இதை எல்லோரையும்விடக் கவனமாகப் பார்த்தவர் இஹாகா மாமா. மராயில் எழுந்து நின்று பேசுகிற உரிமை உள்ளவர். சிறுநீரகம் இரண்டும் வேலை நிறுத்தம் செய்துகொண்டிருக்கின்றன. அடுத்த முறை தன்னுடையதுதான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தங்கை மகன் தியோபிராவைக் கூப்பிட்டார்.

"டேய், பீர் விளம்பரத்துக்குக் கீழ மல்லாந்து கெடக்கறதுக்கு நான் ஆளில்ல. போய் நம்ம கெழவரைக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் நான் தம் கட்டிக்கிட்டு இருக்கேன்."

தியோபிராவை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கழிவுநீர்க் குழாய் பதிக்கிறவன். அதிர்ந்து பேசமாட்டான். திமிங்கிலம் பிடிக்க வந்த ஏதோ ஓர் அயர்லாந்துக்காரனின் புண்ணியத்தில் தலைமுடி செம்பட்டை, முகமெல்லாம் மச்சப்புள்ளி, வெயில் பட்டால் இறால் மாதிரிச் சிவந்துவிடுவான். அவன் அக்கா கராரைனாவோ நல்ல கருநிறம். ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான்; அவள் எண்ணெயில் பொரித்தெடுத்த ரொட்டி, இவன் போட மறந்த மாவு என்று ஊரில் சொல்வோம். அவன் முன்னாலேயே சொல்வோம்.

அருங்காட்சியகத்தில் மாவோரிகள் தங்கள் முன்னோரோடு தனியாக இருப்பதற்கென்று புதன்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். தியோபிரா புதன்கிழமை போனான். வாசற்காவலர் மரியாதையாகத் தடுத்து, இது மாவோரிகளுக்கான நேரம், சுற்றுலாக்காரர்கள் நாளைக்கு வரலாம் என்றார். உள்ளே இருப்பவர் எங்கள் மூத்தவர் என்று இவன் சொன்னதும் காவலர் அவன் தலைமுடியைப் பார்த்தார், பிறகு ஹௌதேரேவைப் பார்த்தார், பிறகு அடையாள ஆலோசகரிடம் அனுப்பிவைத்தார்.

அடையாள ஆலோசகரின் பெயர் இமோஜென். ஐந்து வருடத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து வந்தவள். கழுத்தில் தூண்டில்முள் வடிவில் பெரிய பச்சைக்கல் பதக்கம். அதைத் தூண்டிலில் கட்டினால் சுறாவே மாட்டும். அவள் எங்கள் மொழியில் வணக்கம் சொன்னாள். சுத்தமான உச்சரிப்பு. தியோபிரா பதிலுக்கு, எங்கள் ஊர் வழக்கப்படி, புருவத்தைத் தூக்கினான். அதை அவள் பதில் இல்லை என்று எடுத்துக்கொண்டாள்.

காட்டுக்குள் நிற்கும்போது உங்களுக்குள் என்ன நிகழ்கிறது என்று கேட்டாள். கால் ஈரமாகிறது என்றான். கடல் உங்களை அழைப்பதுண்டா என்று கேட்டாள். இல்லை, அழைப்பதெல்லாம் பெரும்பாலும் கழிவறை அடைத்துக்கொண்டவர்கள்தான் என்றான். அவள் அவனை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, "நீங்க உங்க வேர்கள்லேர்ந்து ரொம்பத் தள்ளி வந்துட்டீங்க. பரவாயில்ல, நாங்க இருக்கோம்" என்றாள். அவள் உட்கார்ந்திருந்த கட்டடமே எங்கள் பாட்டன் பூட்டன் கிழங்கு போட்ட நிலத்தில்தான் இருக்கிறது. அதை அவளிடம் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்ததாம்.

கடைசியில் உள்ளே விட்டார்கள். கண்ணாடிக்குள் கிழவரைப் பார்த்ததும் தியோபிரா செய்யவேண்டியதைச் செய்தான்: அழுதான், பேசினான், எங்கள் வழக்கப்படி கிழவரோடு மூக்கோடு மூக்கு வைக்கப்போனான். மூக்கு கண்ணாடியில் பட்டதும் அபாயமணி அடித்துக் கதவுகள் தானாக மூடிக்கொண்டன. திறக்கும்வரை உள்ளே இரண்டே பேர், தியோபிராவும் ஹௌதேரேவும். அன்றைக்கு நடந்ததில் நன்றாக நடந்தது அது ஒன்றுதான் என்று பிறகு தன் அக்காவிடம் சொன்னான். அவள் எங்கள் வேலி ஓரமாக நின்றுதான் இதைச் சொன்னாள். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

கோரிக்கையை இயக்குநர் குழுவின் முன் வைக்கச் சொன்னார்கள். இயக்குநர் டாக்டர் விண்டர்பர்ன் பெரிய மனிதர். எங்கள் பண்பாட்டைப் பற்றி எங்களைவிட அதிகம் தெரிந்தவர் என்று அவரே அடக்கத்தோடு ஒப்புக்கொள்வார். கூட்டத்தை எங்கள் மொழியில் பிரார்த்தனையோடு தொடங்கினார். பிறகு ஒரு பாட்டு. பிறகு மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் தங்கள் மலை எது, ஆறு எது, மூதாதையர் வந்த படகு எது என்று எங்கள் முறைப்படி சொல்லித் தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். விண்டர்பர்னின் மலை ஸ்காட்லாந்தில் இருந்தது. அதன் அடிவாரத்தை இறங்கி முடிக்கவே கால் மணி நேரம் ஆனது. அவர் படகு, அவருடைய தாத்தா இரண்டாம் வகுப்பில் வந்த நீராவிக் கப்பல். கணக்குப் பிரிவு அம்மாளுக்கு ஆறு நினைவு வரவில்லை. எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். தியோபிராவின் முறை வந்தபோது ஜன்னலைக் காட்டி, "மலை அதுதாங்க" என்றான். ஆற்றையும் காட்டியிருப்பான், கார் நிறுத்துமிடம் மறைத்தது.

அதற்குள் கூட்ட நேரம் முடிந்துவிட்டது. நிறைவுப் பாட்டு பாடிக் கலைந்தார்கள். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதம் பாட்டு இரண்டானது. இஹாகா மாமா கிளப்பின் சுவரில் இருக்கும் விளம்பரத்தையாவது கழற்ற முடியுமா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

நாலாவது கூட்டத்தில்தான் விண்டர்பர்ன் வாய் திறந்து விஷயத்துக்கு வந்தார். அந்தப் பேச்சைத் தியோபிரா அப்படியே மனப்பாடமாக வைத்திருக்கிறான்.

"திரு தியோபிரா, ஹௌதேரேவை எங்க அளவுக்கு நேசிக்கிறவங்க யாருமில்ல. நூறு வருஷமா அவர் மேல ஒரு துளி மழை விழல, ஒரு மனுஷக் கை படல. இப்ப உங்ககிட்ட கொடுத்தா என்ன ஆகும்? யோசிச்சுப் பாருங்க. நீங்க அவரைப் பயன்படுத்திடுவீங்க."

கூரையில் நிற்கவேண்டியவர்தானே என்று இவன் மெதுவாகக் கேட்டான். கூரையில் வைப்பதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் மழை, வெயில், காற்று, பறவை, கீழே மண்ணடுப்பில் சமைக்கிற புகை ஆகியவை இருக்கக் கூடாது என்றார்கள். அப்படியானால் கூரைமேல் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் குளிர்சாதனம். தியோபிரா நல்ல பிள்ளையாக அதற்குக் குழாய் எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டான். அப்போது இமோஜெனுக்கு இன்னொரு யோசனை வந்தது. இவ்வளவு சிரமம் எதற்கு, வீட்டையே பிரித்துக் கொண்டுவந்து அருங்காட்சியகத்துக்குள் நிறுத்திவிட்டால் ஹௌதேரே இருந்த இடத்திலேயே கூரை ஏறலாம். நீங்களும் பத்து மணியிலிருந்து நாலு மணிவரை வந்து உட்கார்ந்து சகஜமாக இருக்கலாம். பார்வையாளர்களுக்கு உயிரோட்டமாக இருக்கும். செம்பட்டை முடிக்காரர்கள் மட்டும் கொஞ்சம் பின்வரிசையில்.

இஹாகா மாமா இதைக் கேட்டுவிட்டு, செத்தவங்களையும் நாலு மணிக்கு எழுப்பி அனுப்பிடுவாங்களா என்று மட்டும் கேட்டார்.

இதற்கிடையில் குடும்பத்துக்குப் பண்பாட்டுத் தகுதி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும் என்றார்கள். தியோபிராவும் கராரைனாவும் வாரக்கடைசி வகுப்புக்குப் போனார்கள். பாடம் எடுத்தவள் இமோஜென்தான். மூக்கோடு மூக்கு வைத்து மூச்சைப் பகிர்ந்துகொள்கிற பாடத்தில் தியோபிராவுக்கு மதிப்பெண் குறைவு, உணர்வு போதவில்லையாம். பிறந்த நாளிலிருந்து செய்கிற காரியம், யோசித்துச் செய்யச் சொன்னதும் அவனுக்குத் தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்றே மறந்துவிட்டது. கராரைனா கதை இன்னும் மோசம். எங்கள் மராய்க்கு வருகிறவர்களை வாசலிலிருந்து குரல் கொடுத்து அழைப்பவள் அவள். அந்தக் குரல் கேட்டால் எனக்கு இன்றைக்கும் முதுகுத்தண்டு சிலிர்க்கும். அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய மெழுகுருளைக் குரல்பதிவோடு அது ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அந்தப் பதிவு எங்க பாட்டியோட தங்கச்சி குரல்மா. அன்னைக்கு அவளுக்கு ஜலதோஷம். ஊருக்கே தெரியும்" என்றாள் கராரைனா.

இமோஜென் அதைக் குறித்துக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து மற்ற மாணவிகளுக்கு மூக்கால் அழைக்கப் பயிற்சி தரப்பட்டது.

இப்படி இழுத்துக்கொண்டே போயிருக்கும். நடுவில் தேர்தல் வந்தது. பண்பாட்டு அமைச்சருக்கு ஒரு மராயின் முன்னால், மாவோரிகள் சூழ, ஏதாவது பழைய பொருளோடு புகைப்படம் வேண்டியிருந்தது. அருங்காட்சியகத்துக்குள் எடுத்தால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது. ஆகவே விண்டர்பர்ன் ஒரு பெருந்தன்மையான முடிவு எடுத்தார்: ஹௌதேரேவுக்கு அரைநாள் விடுப்பு. காலையில் வந்து, அமைச்சரோடு நின்று, சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பிவிட வேண்டும். ஒரே நிபந்தனை, பெட்டி தரையில் படக் கூடாது. வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேர் முழுநேரமும் கையில் தாங்கிக்கொண்டிருப்பார்கள்.

தியோபிரா வந்து இதைச் சொன்னான். அரைநாள்தான் கொடுத்தார்கள் என்று சொல்ல வெட்கம். இஹாகா மாமா மண்ணடுப்புக்கு எத்தனை பன்றி வேண்டும் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

அந்த நாள் வானம் மூடிக்கொண்டிருந்தது. அமைச்சர், விண்டர்பர்ன், அலுவலர் கூட்டம், புகைப்படக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். முன்னால் இமோஜெனும் காவலரும் பெட்டியைத் தாங்கிக்கொண்டு. கராரைனா தாழ்வாரத்தில் வந்து நின்று குரலெடுத்தாள். அவள் அமைச்சரை அழைக்கவில்லை. ஹௌதேரேவை அழைத்தாள். எங்கே போயிருந்தீர், எவ்வளவு காலமாயிற்று, உம்மைத் தெரிந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்களே, வாரும், வீட்டுக்கு வாரும் என்று அழைத்தாள். கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியோடு அப்படியே வெளியே வந்து அழுதார்கள். நானும்தான். அமைச்சர் தன் வரவேற்புக்கு இத்தனை பேர் அழுவதைப் பார்த்து நெகிழ்ந்து போனார்.

எல்லோரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். பெட்டியைத் தாங்கிய இருவர் மட்டும் நின்றார்கள். எங்கள் தரப்பில் இஹாகா மாமா எழுந்தார். மருத்துவர் அவரை அதிக நேரம் நிற்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்; வழக்கமாகச் சுருக்கமாக முடித்துக்கொள்வார். அன்றைக்கு ஹௌதேரே வந்த படகில் தொடங்கினார். அதில் துடுப்பு போட்டவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், யார் யாரோடு ஓடிப்போனார்கள் என்பதுவரை சொல்லிக்கொண்டு, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு, மேலும் கீழும் நடந்தார். இமோஜெனின் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. காவலர் முகம் கிழவரின் முகம் மாதிரியே ஆகிவிட்டது. நாக்குகூடக் கொஞ்சம் வெளியே வந்தது. மாமா நரைத்த தலையை அந்தப் பக்கம் திருப்பவே இல்லை. அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. பெரியவர், பழைய கதை, நினைவு வந்தது, சொன்னார்.

பிறகு விருந்தினர் தரப்பில் விண்டர்பர்ன் எழுந்தார். எங்கள் மொழியில் ஒரு பிழையில்லாமல் பேசினார். அலுவலர்கள் அவருக்குப் பின்னால் நின்று பழக்கிவைத்த பாட்டைப் பாடினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. பாட்டு முடிந்ததும் விருந்தினரின் கடைசிப் பேச்சாளர் முன்னால் வந்து, நடுத்தரையில் காணிக்கையை வைக்க வேண்டும். இந்தக் காலத்தில் அது ஓர் உறை. விண்டர்பர்ன் சட்டைப்பைக்குள் கையை விட்டார். வலதுபக்கம் விட்டார், இடதுபக்கம் விட்டார். உறை கணக்குப் பிரிவில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

காணிக்கை வைக்காமல் உட்காருவது எவ்வளவு பெரிய அவமானம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி அவர் வெளிநாட்டில் எல்லாம் உரையாற்றியிருக்கிறார். அவர் நடுத்தரையில் வெறுங்கையோடு நின்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அமைச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். விண்டர்பர்ன் திரும்பித் தன் ஆட்களை நோக்கி, ஏதாவது கொண்டுவாருங்கள் என்கிற மாதிரிக் கையை அசைத்தார்.

இமோஜெனும் காவலரும் ஏறக்குறைய ஒரு மணி நேரமாக அந்தக் கை அசைவுக்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். இரண்டே எட்டில் முன்னால் வந்து, பெட்டியை அவர் காலடியில், புல்லின்மேல், மிக அழகாக இறக்கிவைத்தார்கள்.

தலைமுறை தலைமுறையாக அந்தப் புல்லின்மேல் பாய் வைத்திருக்கிறார்கள், பச்சைக்கல் வைத்திருக்கிறார்கள், பணம் வைத்திருக்கிறார்கள். வைத்ததை யாரும் திருப்பி எடுத்ததில்லை. காணிக்கையை எடுக்கிற வேலை எங்கள் பக்கத்தில் தியோபிராவுடையது. அவன் எழுந்து பாதிதூரம் வந்து, உறையைத் தேடி, பெட்டியைப் பார்த்து, நின்றுவிட்டான். இஹாகா மாமாவைத் திரும்பிப் பார்த்தான். மாமா மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா..." என்றான்.

"வெச்சிருக்காங்கல்ல? எடுக்காம நின்னா அவங்க மனசு புண்படாதாடா?" என்றார் மாமா.

கராரைனாவின் குரல் எழுந்தது, கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லி. தியோபிரா குனிந்து தூக்கினான். அதுவரை மூட்டுவலி என்று சொல்லிக்கொண்டிருந்த பங்காளிகள் மூன்று பேர் எங்கிருந்தோ ஓடிவந்து கைகொடுத்தார்கள்.

காணிக்கை வைத்தாயிற்று என்ற பழக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்ட விண்டர்பர்ன், தடுப்பதற்காக எழுந்தார். அவர் எழுந்து பேசினால் பின்னால் நின்று பாட வேண்டும் என்று அலுவலர்களுக்குப் பழக்கம். எல்லோரும் எழுந்து பாடினார்கள். உட்கார்ந்தார், நிறுத்தினார்கள். மறுபடி எழுந்தார், இரண்டாவது பாட்டு. அதற்குள் மூக்கு வைக்கிற வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக அவர் தோளைப் பற்றி, நெற்றியில் நெற்றி வைத்து, மூக்கை அழுத்தி, அவர் பேசவிருந்த மூச்சையெல்லாம் பகிர்ந்துகொண்டார்கள். அன்று உணர்வில் குறையே இல்லை. வரிசையின் முடிவில் அவரை அமைச்சர் கட்டிப்பிடித்தார். அமைச்சர் கண்ணில் தண்ணீர்.

"டாக்டர், நூறு வருஷத் தப்பை ஒத்தைக் கையசைவுல சரி பண்ணிட்டீங்க. இத நான் நாடாளுமன்றத்துல சொல்லப்போறேன்."

விண்டர்பர்ன் நன்றி சொல்லிக் கைகுலுக்கினார். சாப்பாட்டுக் கூடத்தில், பன்றிக்கறிக்கும் மட்டிச்சிப்பிக்கும் நடுவில் அவர் ஆற்றிய உரை பத்திரிகையில் அப்படியே வந்தது. "இந்த முடிவை நான் இன்னைக்கு எடுக்கல. வருஷக்கணக்கா என் மனசுல இருந்தது. சரியான தருணத்துக்காகத்தான் குடும்பத்தைக் காக்க வெச்சேன்." கராரைனா அவர் தட்டில் இன்னும் இரண்டு மட்டி வைத்தாள்.

பெட்டியை உடைக்க வேண்டியிருக்கவில்லை. சாவி இமோஜெனிடம் இருந்தது, அவளே எடுத்துக்கொடுத்தாள். அவள் கை மரத்துப்போயிருந்ததால் தியோபிராதான் சாவியைத் திருப்பினான். பிற்பகலில் ஏணி வைத்து ஹௌதேரேவை முகட்டில் ஏற்றினார்கள். கடைசி ஆணி அடிக்கும்போது தூறல் விழுந்தது. விண்டர்பர்ன் தன் குடையைத் தூக்கி மேலே நீட்டினாராம். எட்டவில்லை.

வீட்டைத் திறந்தோம். அருங்காட்சியகமும் சும்மா இருக்கவில்லை. 'திருப்பிக் கொடுத்தல்' என்று ஒரு பெரிய கண்காட்சிக்குத் திட்டம் போட்டார்கள். நடுவில் வைக்க ஒரு பொருள் வேண்டுமே. விண்டர்பர்ன் போன மாதம் நேரிலேயே வந்து, கண்காட்சி முடியும்வரை ஹௌதேரேவைக் கடனாகத் தர முடியுமா, காய்ந்த நிலையில் திருப்பித் தந்துவிடுகிறோம் என்று கேட்டார். தியோபிரா புருவத்தைத் தூக்கினான். இஹாகா மாமாதான் பதில் சொன்னார்.

"தரலாம் டாக்டர், தராம என்ன. ஆனா அவர் இப்ப எனக்காகக் காத்துக்கிட்டு நிக்கறார். நான் போய், மூணு நாள் அவர் காலடியில படுத்து, எல்லாரும் அழுது முடிச்சப்புறம் வாங்க. பேசிக்கலாம்."

விண்டர்பர்ன் மிகுந்த கவலையோடு மாமாவின் உடல்நிலையை விசாரித்தார். இப்போது வாரம் தவறாமல் தொலைபேசியில் விசாரிக்கிறார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, மூச்சு வாங்குகிறதா, சோர்வாக உணர்கிறீர்களா. போன வாரம் லேசாக இருமியபோது மறுமுனையில் ஒரு நம்பிக்கை தெரிந்ததாக மாமா சொன்னார்.

அன்றிலிருந்து மாமா பன்றி எலும்பைத் தொடுவதில்லை. பொரித்த ரொட்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மருத்துவர் கரடியாய்க் கத்தியும் நடக்காதவர், தினமும் காலையில் ஹௌதேரே பார்த்துக்கொண்டிருக்க மராயைச் சுற்றி நடக்கிறார். கன்னத்தில்கூடக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. அருங்காட்சியகத்தால் எங்கள் ஊரில் ஒருவர் நன்றாகப் பாதுகாக்கப்படுவது இதுதான் முதல் தடவை.